முழு டியூப் பேஸ்ட்டும் ஒற்றைக் காதுத் தோடும்

"எனக்குத் தெரியாது" என்று சொல்லும் பழக்கம் இருபத்து மூன்று வயதுவரை எனக்குக் கிடையாது. கரண்ட் ஏன் போனது என்று யாராவது கேட்டால் காரணம் சொல்வேன். மழை ஏன் வரவில்லை என்று கேட்டால் அதற்கும் ஒன்று வைத்திருப்பேன். அந்தப் பழக்கம் என்னைவிட்டு ஒழிந்த நாளை இப்போது நினைத்தாலும் முகம் சூடாகிறது. (அன்றைக்கு உண்மையில் சூடானது தொடை. அதற்குப் பிறகு வருகிறேன்.)

ராயப்பன்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். ஊரைச் சுற்றித் திராட்சைப் பந்தல்கள். எங்களுக்கும் கொஞ்சம் உண்டு. அண்ணன் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டார். நான் உத்தமபாளையத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்து, தேனியில் ஒரு ஹார்டுவேர் கோர்ஸும் முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். ('முடித்துவிட்டு' என்பது கொஞ்சம் பெரிய வார்த்தை. லேப்டாப் பாடம் நடந்தபோது எனக்கு அம்மை போட்டிருந்தது.) வேலைதான் கிடைக்கவில்லையே தவிர, ஊரில் இன்ஜினியர் பட்டம் கிடைத்துவிட்டது. டிவி ரிமோட், மிக்ஸி, கோயில் சீரியல் செட் என்று எது கெட்டாலும் "பாண்டியக் கூப்புடு" என்பார்கள். நான் போய்ப் பிரித்துப் போடுவேன். சிலது தானாகவே சரியாகிவிடும். மற்றதற்கெல்லாம் "பார்ட்ஸ் வரணும்" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவேன்.

இந்தச் சமயத்தில்தான், இரண்டாயிரத்து ஒன்பது வாக்கில், எங்கள் அண்ணன் மகள் யாழினிக்கு மொட்டை போட்டுக் காது குத்துவது என்று முடிவானது. முடிவானதும் மதினி அழ ஆரம்பித்துவிட்டார்.

மதினி ஈசுவரிக்குக் கூடப்பிறந்தது ஒரே தம்பி, முருகேசன். அப்பா இல்லாத வீட்டில் தூக்கி வளர்த்த தம்பி. கத்தாரில் டிரைவர் வேலை. காது குத்தென்றால் தாய்மாமன் மடியில் பிள்ளையை உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அவருக்கோ லீவு இல்லை என்று கம்பெனியில் கையை விரித்துவிட்டார்கள். வேறு மாமன் கிடையாது. தள்ளிப்போடலாம் என்றால், குலதெய்வத்துக்கு நேர்ந்த நேர்த்திக்கடன், ஏற்கெனவே ஒருமுறை தள்ளிப்போட்டாயிற்று.

"சித்தப்பன் மடில உக்கார வச்சுக் குத்திருவமா?" என்று அண்ணன் ஒரு நாள் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

எங்கள் பெரியப்பா கொந்தளித்துவிட்டார். உறவுமுறை விஷயத்தில் எங்கள் வகையறாவுக்கு அவர்தான் கோர்ட்டு. "பங்காளி மடில காது குத்துனான்னு கம்பம் வரைக்கும் சிரிப்பாக. மாமன் இல்லாத புள்ளையா அது?" என்றார். அதோடு விட்டிருக்கலாம். "லீவு கெடைக்கலயோ, வர மனசு கெடைக்கலயோ, யாருக்குத் தெரியும்?" என்று மதினி காதில் விழும்படி ஒன்றையும் சேர்த்தார். மதினி அடுப்படிக்குள் போய் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அங்கேதான் நான் என் மூக்கை நுழைத்தேன். "மாப்ளய வீடியோவுல வரச் சொல்லுவோம் பெரியப்பா. மாமன் மொகத்தப் பாத்துக்கிட்டே குத்தட்டும்" என்றேன்.

முருகேசன் கத்தாரிலிருந்து அக்காவுக்கு ஒரு லேப்டாப் அனுப்பியிருந்தார். மதினி வாராவாரம் வெள்ளிக்கிழமை அதில்தான் தம்பியைப் பார்ப்பார். பெரியப்பா நெடுநேரம் யோசித்தார். பிறகு தீர்ப்பு வந்தது: லேப்டாப்பைத் தரையில் வைக்கக் கூடாது, ஸ்டூலில் வைக்கக் கூடாது, மாமனுக்கு மரியாதை வேண்டும். ஒரு ஆள் சம்மணம் போட்டு உட்கார்ந்து அதை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். முருகேசனின் அம்மா, அதாவது எங்கள் அத்தை, பிள்ளையைக் கையில் பிடித்தபடி அதற்கு ஒட்டி உட்கார வேண்டும்.

"அப்ப அந்த ஆளு யாரு பெரியப்பா? மறுபடி பங்காளி மடின்னு சொல்லிராதீக" என்றார் அண்ணன்.

"பாண்டி உக்காரட்டும். அன்னைக்கு இவன் ஆளு கெடையாது. நாற்காலி" என்றார் பெரியப்பா.

நாற்காலி ஆனதில் எனக்கு ஏகப்பட்ட பெருமை. 

சிக்கல் என்னவென்றால், அந்த லேப்டாப் ஊருக்கு வந்ததிலிருந்து, தோட்டத்துக்கு அடிக்கிற கந்தகத் தூள் மூட்டை இருக்கும் அறையில்தான் குடியிருந்தது. உள்ளே தூசி அடைத்து, ஃபேன் அரவை மில் மாதிரி சத்தம் போடும். தம்பி பேசுவது அக்காவுக்குக் கேட்காது. காதை ஒட்டவைத்துக்கொண்டு, "என்னடா? சாப்புட்டியாடா?" என்று இவர் கத்துவார்.

"தம்பி, அன்னைக்கு மட்டுமாச்சும் இது சத்தம் போடாம இருக்குமா? அவன் பேசுறத எல்லாருங் கேக்கணும்" என்றார் மதினி என்னிடம்.

"பிரிச்சுச் சுத்தம் பண்ணித் தாரேன் மதினி."

அவர் முகத்தில் பயம் வந்தது. "தேனில கடைல குடுத்துருவமே. இது போச்சுன்னா எந் தம்பி மொகமே போச்சு."

"கடைக்காரனுக்கே நாந்தேன் சொல்லிக் குடுக்கணும்" என்றேன். வாய் கூசாமல் சொன்னேன்.

லேப்டாப்பைப் பிரித்ததே இல்லாதவன் எப்படிப் பிரிப்பது? தேனியில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து வீடியோ தேடிப் பிடித்தேன். ஒரு வெள்ளைக்காரர் பொறுமையாகக் காட்டிக்கொண்டே வந்தார். கீழ்மூடியைக் கழற்றுகிறார், ஃபேனைக் கழற்றுகிறார், செம்புக் குழாய் வைத்த தகட்டைத் தூக்குகிறார், அதற்கடியில் இருக்கிற சிப்பில் சூடு தணியப் பூசி, காய்ந்துபோன பழைய பேஸ்ட்டைத் துடைக்கிறார். புது டியூபைத் திறந்து சிப்பின் நடுவில் ஒரு பொட்டு வைக்கிறார். அந்த இடத்தில் வீடியோ நின்று வட்டம் சுற்ற ஆரம்பித்தது. சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. சரி, பேஸ்ட் தடவ ஆரம்பித்துவிட்டார், இனி நமக்குத் தெரியாததா என்று எழுந்து வந்துவிட்டேன். அந்த ஒரு பொட்டோடு தடவும் வேலை முடிந்துவிட்டது என்று எனக்கு எப்படித் தெரியும்?

பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் பேஸ்ட் டியூப் ஒன்று வாங்கினேன். தோட்டத்து மோட்டார் ரூமில் சாக்கு விரித்து, சாமி கும்பிட்டு, பிரித்தேன். முதல் பாதி வேலை பிரமாதம். ஃபேனுக்குள்ளிருந்து தலையணைப் பஞ்சு அளவுக்குத் தூசி வந்தது. டூத் பிரஷ் வைத்து இண்டு இடுக்கெல்லாம் தேய்த்தேன். பக்கத்துச் சிப் ஒன்றின் மேல் சதுரமாக, மெத்தென்று ஏதோ ஒட்டியிருந்தது. எவனோ சூயிங்கம் மென்று ஒட்டியிருக்கிறான் என்று சுரண்டி எறிந்தேன். (அது அந்தச் சிப்பின் சூட்டைத் தகட்டுக்குக் கடத்துகிற பட்டை. கம்பெனிக்காரன் வேண்டுமென்றேதான் வைத்திருந்தான்.)

அப்புறம் பேஸ்ட்.

இங்கே எங்கள் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். திராட்சையில் கவாத்து வெட்டி முடித்ததும், கணுக்கள் ஒன்றுபோல் முளைக்க மருந்து தடவுவோம். குச்சியில் துணியைச் சுற்றி, மருந்தில் தோய்த்து, கணுக் கணுவாகத் தடவிக்கொண்டே போக வேண்டும். நினைவு தெரிந்த நாளிலிருந்து நான் செய்கிற வேலை அது. பந்தலுக்கு அடியில் அண்ணனின் குரல் பின்னாலேயே வரும்: "ஏலே, தொட்டும் தொடாமத் தடவாத. கணுவ முழுங்கணும் மருந்து. கஞ்சத்தனம் பண்ணுன கணுவுல குலை வைக்காது." தடவுவது என்றால் என் கைக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

சிப்பைப் பேஸ்ட் முழுங்கியது. தாராளமாகவே முழுங்கியது. சூயிங்கம் எடுத்த இடத்தில் தகட்டுக்கும் சிப்புக்கும் இடைவெளி இருந்ததல்லவா, அங்கேயும் பிதுக்கி நிரப்பினேன். மீதி கொஞ்சம் இருந்தது. வீணாகப் போகுமே என்று அதையும் ஓரத்தில் ஒரு பூச்சு. முழு டியூபும் காலி. தகட்டை வைத்து அமுக்கியதும் நாலு பக்கமும் பேஸ்ட் பிதுங்கியது. அதைப் பார்த்து எனக்கு மனசே நிறைந்துவிட்டது.

மூடி எல்லாவற்றையும் மாட்டிய பிறகு ஒரு ஸ்க்ரூ மிச்சம் இருந்தது. உபரியாக ஒன்று வைத்திருப்பான் என்று சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

ஆன் செய்தேன். ஃபேன் சத்தமே இல்லை. மதினியைக் கூப்பிட்டு ஒரு பாட்டுப் போட்டுக் காட்டினேன். அவர் காதை அருகில் வைத்துக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "நல்லா இருப்பீக தம்பி" என்றார். அவர் போன பிறகு லேப்டாப் தானாக அணைந்தது. நான்தான் கைபட்டுப் பட்டனை அமுக்கியிருப்பேன் என்று தீர்மானித்துக்கொண்டேன். நல்லவேளை, இந்த இடத்தை இதுவரை மதினியிடம் சொன்னதில்லை.

மாசி மாதம், வெள்ளிக்கிழமை. கத்தாரில் விடுமுறை. குலதெய்வக் கோயில் ஊருக்கு வெளியே, தோட்டங்களுக்கு நடுவில். கோயிலுக்கு நேர் எதிரே செல்போன் டவர். டேட்டா கார்டைச் செருகினால் சிக்னல் அருமையாக வந்தது. (இதைச் சொல்லக் காரணம், "நெட் சரியில்ல" என்று பிற்பாடு சொல்லித் தப்பிக்கக்கூட எனக்கு வழியில்லை என்பதுதான்.)

மொட்டை முடிந்தது. கிடா ஒரு பக்கம், பொங்கல் ஒரு பக்கம். நான் புது வேட்டியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். என் மடியில் லேப்டாப். மதினி அதன் விளிம்பில் சந்தனமும் குங்குமமும் வைத்தார். பெரியப்பா மேலே ஒரு மாலையைச் சாத்தினார். என்னைக் கவனிக்க யாரும் இல்லை. நாற்காலிக்கு யார் பொட்டு வைப்பார்கள்?

முருகேசன் வந்தார். முகம் கட்டம் கட்டமாக வந்தாலும் தெளிவாகத்தான் தெரிந்தது. அடுக்குக் கட்டில் போட்ட அந்தச் சின்ன அறையில், வெள்ளைச் சட்டை, பட்டு வேட்டி, நெற்றியில் திருநீறு. கீழ்க் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மடியில் ஒரு புதுத் துண்டை விரித்து வைத்திருந்தார். பிள்ளை வந்து உட்காரப் போகிறது என்பதுபோல. மதினி அதைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டார்.

"அக்கா, அழுகாத. எல்லாருக்கும் நல்லாத் தெரியுது பாரு எம் மூஞ்சி" என்றார் முருகேசன். சத்தம் கணீரென்று கேட்டது. ஃபேன் மூச்சுக்கூட விடவில்லை. மதினி என்னைத் திரும்பிப் பார்த்துத் தலையாட்டினார். எனக்கு நெஞ்சு விடைத்துக்கொண்டது.

அதற்குள் தொடையில் ஒரு கதகதப்பு.

காது குத்துகிற ஆசாரி, எலுமிச்சம்பழம் வரவில்லை என்றார். பழம் வந்தது. வெற்றிலை வரவில்லை என்றார். வெற்றிலைக்கு ஆள் போனார்கள். அந்த இடைவெளியில் பெரியப்பா மைக்கைப் பிடித்து, வந்திருக்கிறவர்களை முறை வைத்து ஒவ்வொருவராக வரவேற்க ஆரம்பித்தார். கதகதப்பு சூடாயிற்று. சூடு சுள்ளென்று ஆயிற்று. நான் மெல்ல ஒரு காலை நகர்த்தினேன்.

"ஏலே, அசையாத! மாமன் ஆடுறாக பாரு. நாற்காலி அசையுமா?" என்றார் பெரியப்பா, மைக்கிலேயே.

ஃபேன் இப்போது உள்ளே மெதுவாக ஊளையிட ஆரம்பித்திருந்தது. ஏதோ தீய்கிற வாசனை. "பொங்கல் அடிப்பிடிக்குதுடீ!" என்று ஒரு அம்மா பானையைப் பார்க்க ஓடினார். பொங்கல் நன்றாகத்தான் இருந்தது. வாசனை எங்கேயிருந்து வருகிறது என்று அங்கே எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும், என் தொடை சொல்லிக்கொண்டிருந்தது. அப்போதாவது வாயைத் திறந்து "கொஞ்சம் நிறுத்துங்க, ஆற வைக்கணும்" என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பார்களே! பல்லைக் கடித்துக்கொண்டு, குலதெய்வமே, ரெண்டு காது, ரெண்டே காது, அதுவரை தாங்க வை என்று வேண்டிக்கொண்டேன்.

வெற்றிலை வந்தது. முருகேசன் தோட்டை, கூட வேலை பார்க்கும் சின்னமனூர்க்காரர் ஒருவரிடம் முன்னாலேயே கொடுத்தனுப்பியிருந்தார். ஆசாரி வலது காதில் குத்தி, ஒரு தோட்டை மாட்டினார். யாழினி வீறிட்டாள். "மாமா இருக்கேன்டா தங்கம், மாமா இங்கனதேன் இருக்கேன், மாமாவப் பாரு" என்று முருகேசன் கட்டிலிலிருந்து எழுந்தே விட்டார். பிள்ளை அழுகையை நிறுத்தித் திரையைப் பார்த்தது. கையை நீட்டியது.

திரை இருண்டது.

ஆசாரி இரண்டாவது ஊசியோடு அப்படியே நின்றார். நான் பட்டனை அமுக்கினேன். வெளிச்சம் வந்தது, போனது. மறுபடி அமுக்கினேன். அதுவும் இல்லை.

"நெனச்சேன்" என்றார் பெரியப்பா. மைக்கைக் கீழே வைத்திருந்தார், ஆனால் அணைக்கவில்லை. "புள்ள அழுகவும் பயலுக்குப் பொறுக்கல, கட் பண்ணிட்டான். தோட்ட அனுப்பிட்டாப் போதுமா? மாமன்னா வந்து உக்காரணும்ல." அது ஸ்பீக்கர் வழியாகத் தோட்டம் முழுக்கக் கேட்டது. கூட்டத்தில் யாரோ "அதான?" என்றார்கள்.

மதினி நிமிரவில்லை. இடது காதுக்கான தோடு அவர் உள்ளங்கையில் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருடைய போன் அடித்தது. அவசரத்தில் ஸ்பீக்கரில் போட்டுவிட்டார். "அக்கா, ஏன்க்கா கட் பண்ணீக? நா வரலன்னு கோவமா? பெரியவுக ஏதும் சொல்லீட்டாகளா? பாதில நிறுத்திப்புட்டீகளேக்கா" என்றது முருகேசன் குரல். அழுகிற குரல். அப்படிக் கேட்கவும் மதினி உடைந்துவிட்டார். "நாங் கட் பண்ணலடா. நீதான்டா…" என்றார்.

அக்கா தம்பிமேல் சந்தேகப்படுகிறார். தம்பி அக்காமேல் வருத்தப்படுகிறார். நடுவில் நான் கொதிக்கிற பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியாக உட்கார்ந்திருக்கிறேன். வெட்கம் என்றால் என்ன என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. எழுந்தேன். எழுந்த வேகத்தில் குனிய, சட்டைப்பையிலிருந்து அந்த உபரி ஸ்க்ரூ நழுவி, நேராகத் தாம்பாளத்தில் 'டங்' என்று விழுந்தது. எல்லாரும் அதைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள்.

"யாருங் கட் பண்ணல" என்றேன். "மாப்ள, உங்களத்தேன். நீங்களும் பண்ணல, மதினியும் பண்ணல. எல்லாம் நாந்தேன். பிரிச்சுச் சுத்தம் பண்றேன்னு பேஸ்ட்ட ஜாஸ்தியாப் போட்டுட்டேன். சூடேறி அணைஞ்சு போச்சு." மைக் இதையும் விடவில்லை.

"பேஸ்ட்டா? பல்லு வெளக்குறதயா உள்ள போட்ட?" என்றார் பெரியப்பா.

"அது இல்ல பெரியப்பா, இது சூட்டுக்குப் போடுற பேஸ்ட்டு."

"சூட்டுக்குப் போட்டா ஏன்டா சூடாகுது?"

"எனக்குத் தெரியாது" என்றேன். முதல்முறையாக.

அண்ணன் முன்னால் வந்தார். "எம்புட்டுடா போட்ட?"

"முழு டியூபும்."

"ஏன்டா?"

"கணுவ முழுங்கத் தடவணும்னு நீதான சொல்லுவ."

கூட்டம் முழுக்கத் திராட்சைக்காரர்கள். யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. முதலில் ஆசாரி குலுங்கினார். அப்புறம் ஒரு மூலையிலிருந்து, "அடுத்த மாசம் குலை வச்சிரும், பந்தல் போடுங்க" என்று ஒருவர் சொன்னார். அவ்வளவுதான், கோயில் வளாகமே சிரித்தது. போனில் கத்தாரும் சிரித்தது. பெரியப்பா "அட நாற்காலிப் பயலே" என்று தலையில் அடித்துக்கொண்டார். ஓடிப்போய்ப் பந்தலுக்குள் ஒளிந்துகொள்ளலாமா என்று இருந்தது எனக்கு.

சிரிக்காத ஒரே ஆள் மதினி. இடது காதுத் தோட்டைச் சேலை முந்தானையில் முடிந்துகொண்டார். போனை எடுத்து, "முருகேசா, பாதிதான்டா ஆயிருக்கு. மத்தக் காது உனக்கு இருக்கட்டும். நீ வந்து உம் மடில வச்சுத்தேன்" என்றார். ஆசாரி, ஒற்றைக் காதோடு விடக்கூடாதே என்று இழுத்தார். பெரியப்பா இந்த முறை எதிர்க்கவில்லை. மைக்கில் தன் குரலைக் கேட்டிருந்தார் போலிருக்கிறது. "ஈசுவரி சொல்றதுதேன் சரி" என்று மட்டும் சொன்னார்.

அன்று சாயங்காலம், நான் வெந்த தொடையோடு கட்டிலில் கிடந்தேன். மதினி வந்து ஒரு களிம்பு டியூபை என் தலைமாட்டில் வைத்தார். திட்டுவார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"கொஞ்சமாத் தடவுங்க தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

லேப்டாப்பைத் தேனியில் ஒரு கடையில் கொடுத்துச் சரிசெய்தோம். அண்ணன்தான் உள்ளே போனார். நான் எதிர்ப்பக்கம் நின்று கரும்புச்சாறு குடித்துக்கொண்டிருந்தேன். கடைக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் ரோட்டைத் தாண்டிக் கேட்டது.

அதன் பிறகு யாழினி ஒற்றைத் தோட்டோடு ஊரைச் சுற்றினாள். யார் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனாலும், "ஏம்மா, ஒரு தோட்டத் தொலச்சிட்டீகளா?" என்று கேட்பார்கள். மதினி என் பக்கம் திரும்புவார். "தம்பி, நீங்க சொல்லுங்க" என்று என்னைக் காட்டுவார். நான் முதலிலிருந்து சொல்ல வேண்டும், சூயிங்கம் உட்பட. அதுதான் எனக்குத் தண்டனை. ஊரில் மிக்ஸி கெட்டால் என்னைக் கூப்பிடுவதும் நின்றுபோனது. எனக்கே அது நிம்மதியாக இருந்தது.

அக்கா அப்படிச் சொன்ன பிறகு முருகேசனுக்கு அங்கே இருப்புக் கொள்ளவில்லை. கம்பெனியோடு சண்டை போட்டு, காலில் விழாத குறையாகக் கெஞ்சி, ஆடிக்கு முன்னால் வந்துவிட்டார். கூட்டம் இல்லை, கிடா இல்லை, மைக் இல்லை. அதே கோயில், அதே ஆசாரி, அதே புதுத் துண்டு. மாமன் மடியில் பிள்ளை உட்கார்ந்தது. மதினி முந்தானை முடிச்சை அவிழ்த்துத் தோட்டை எடுத்துத் தம்பி கையில் கொடுத்தார். யாழினி அதற்குள் திமிறக் கற்றிருந்ததால் இடது காதில் ஓட்டை ஒரு நூல் மேலே ஏறிவிட்டது. தம்பியும் அக்காவும் சிரித்துக்கொண்டே அழுதார்கள். நான் தள்ளி, ஒரு தூணுக்குப் பின்னால் நின்றேன். எனக்கும் கண் கலங்கியது, ஆனால் அன்றைக்கு அழுவதற்கு எனக்கு உரிமை இருந்ததாகத் தோன்றவில்லை.

முருகேசன் பெட்டியைத் திறந்து எல்லாருக்கும் சென்ட், சாக்லேட் என்று கொடுத்துவிட்டு, எனக்கு மட்டும் ஒரு பொட்டலம் தனியாகக் கொடுத்தார். பிரித்தேன். முழங்கை நீளத்துக்கு ஒரு பற்பசை டியூப்.

"மாப்ள, இது பல்லுக்கு மட்டும்" என்றார்.

யாழினிக்கு வலது காது 'கம்ப்யூட்டர் காது', இடது காது 'மாமன் காது' என்று பெயர் நிலைத்துவிட்டது. ஜிமிக்கி போட்டால் ஒன்று கொஞ்சம் ஏறித் தொங்கும். கண்ணாடி முன்னால் நின்று அதைச் சரிசெய்யும் ஒவ்வொரு முறையும், "சித்தப்பா…" என்று ராகம் இழுப்பாள். எனக்கு எந்த வீட்டில் இட்லி வைத்தாலும், சட்னி ஊற்றும்போது, "கணுவ முழுங்க ஊத்தவா?" என்று கேட்காமல் ஊற்றமாட்டார்கள்.

யாழினி பெரிய பெண்ணானபோது தேனியில் மண்டபம் பிடித்துச் சடங்கு வைத்தோம். முருகேசன் தாம்பாளத் தட்டுகளோடு ஊர்வலமாக வந்துகொண்டிருந்தார். வாசலில் வரவேற்க ஆள் இல்லை என்று யாரோ என் கையில் சந்தனக் கும்பாவைத் திணித்துவிட்டுப் போனார்கள். பொறுப்பான சித்தப்பனாக நானும் நின்றேன். முதல் ஆளுக்குச் சந்தனம் எடுக்கக் கும்பாவில் விரலை விட்டிருப்பேன், பட்டுச்சேலை சரசரக்க உள்ளேயிருந்து மதினி வேகமாக வந்தார். கும்பாவை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, பன்னீர்ச் செம்பைக் கொடுத்தார்.

"நீங்க இதத் தெளிங்க தம்பி" என்றார். நாலடி போய்விட்டுத் திரும்பி, "பாத்துத் தெளிங்க" என்றார்.